மூச்சுக்கு விட்ட வாது

கொண்டையன் மூக்கனுடைய மூக்கைக் கடித்த அன்று லயமே சிரித்தது. பூண்டுலோயாவுக்கு மேலே, தோட்டத்தின் மேல்கணக்கு என்ற பிரிவில், அந்த லயத்தில் ஒரே வரிசையாக இருப்பது எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது.

"பேருக்கு ஏத்த எடமாப் பாத்துத்தான் கடிச்சிருக்கு மச்சான்" என்றாள் கொழுந்தியாள் ராக்காயி.

வேறொரு நாளாக இருந்தால் மூக்கனும் சிரித்திருப்பான். ஆனால் அன்று காலையில் அதே பறவை அவன் மனைவி அம்மாக்கண்ணுவின் இடது கை விரலையும் ரத்தம் வரக் கடித்திருந்தது. அவளுக்கு உருப்படியாக இருந்தது அந்த ஒரு கைதான்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு மறுவாரம், கொழுந்து மலையில் கூடையோடு விழுந்தவள் அவள். வலப்பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். பேச்சு மட்டும் போகவில்லை. போயிருந்தால் நமக்கு நிம்மதிதான் என்று மூக்கன் வேடிக்கையாகச் சொல்லப் போக, அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

நுவரெலியாவில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் லோஜினிதான் அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அந்தப் பறவையைக் கூட்டோடு கொண்டுவந்தாள். சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்துக்கொரு செம்பொட்டு, தலையில் எழும்பி எழும்பி அடங்கும் ஒரு கொண்டை. கொக்கட்டீல் என்று பெயராம். அம்மாக்கண்ணுவுக்கு அது வாயில் நுழையவில்லை. கொண்டையன் என்றாள், அதுவே நிலைத்துவிட்டது.

முதல் மாதம் அது அவள் தோளை விட்டு இறங்கவில்லை. காதுத் தோட்டைக் கொத்தும், சீட்டியடிக்கும், அவள் தட்டிலிருந்து சோறு பொறுக்கும். அம்மாக்கண்ணு விழுந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தது அந்தப் பறவையைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்பைக் கேட்ட மூக்கன் வெளியே போய்க் கொஞ்ச நேரம் மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் நின்றுவிட்டு வந்தான்.

ஆனால் கொண்டையன் பறக்கும். கூரைத் தகரத்தில் முட்டும். ஒருநாள் எரிகிற அடுப்பில் இருந்த சோற்றுப்பானையின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. 

மூக்கன் முப்பது வருஷமாகக் கவ்வாத்துக்காரன். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவது அவன் வேலை. வெட்டினால்தான் புதுசாகத் துளிர்க்கும், சொன்னபடி கேட்கும். மலையில் அவன் கத்தி பட்ட செடியைப் பார்த்தாலே இது மூக்கன் வெட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

"இதுக்கும் ஒரு கவ்வாத்து போட்டுட்டாச் சரியாப் போவும்" என்றான்.

லோஜினி விட்டுப்போன கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு இறக்கையிலும் நீள இறகுகளை ஒரே மட்டமாக நறுக்கிவிட்டான். வலிக்கவில்லை, ரத்தம் வரவில்லை. வேலை சுத்தம்.

கடி ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கை கிட்டே போனால் கொண்டையைத் தலையோடு ஒட்டப் படிய வைத்துக்கொண்டு பாம்பு மாதிரிச் சீறும். அதற்கும் கையை எடுக்காவிட்டால் கடி. மூக்கன் அலகில் தட்டிப் பார்த்தான். கூட்டைச் சாக்குப் போட்டு மூடிப் பார்த்தான். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்துப் பழக்கப் பார்த்தான். பழகியது கடிப்பதற்குத்தான். அதன் முகத்தருகே குனிந்து கொஞ்சப் போன அன்றுதான் மூக்குக்கு வந்தது கேடு.

லோஜினி போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வந்து தூக்கிட்டுப் போறேன்ப்பா. எங்கூட வேலை செய்யிற பிரியந்தி கேட்டுக்கிட்டே இருக்கா. அம்மா இருக்குற நெலமையில கடி வேற வாங்கணுமா?"

கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுவது முதுகில் தெரிந்தது. அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை சாயங்காலம் சோற்றுத் தட்டு பறந்தது. குழம்பில் உப்பில்லை என்று சொல்லித் தட்டை இடது கையால் வீசினாள். இப்படி அடிக்கடி நடந்தது. அவள் முன்பெல்லாம் இப்படியில்லை. சண்டை வந்தால் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, நாலாவது வீட்டில் இருக்கும் தங்கச்சி ராக்காயியிடம் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்து புருஷனை ஆசைதீரத் திட்டுவாள். ஒரு மணி நேரத்தில் தானே திரும்பி வந்து தேத்தண்ணி ஊற்றுவாள். அந்த நாலு வீட்டுத் தூரம்தான் முப்பது வருஷமாக அவர்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. இது மூக்கனுக்கு அப்போது விளங்கியதில்லை. அவள் போகும்போதெல்லாம் மானம் போகுதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

இப்போது அவள் எங்கும் போக முடியாது. வாசலில் ஐந்து கல்படி, பாசி பிடித்தது, அதற்குக் கீழே கான். விழுந்துவிடுவாள் என்ற பயத்தில், அவன் வேலைக்குப் போகும்போது கதவுக்கு வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போவான். ராக்காயி நடுவில் வந்து தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மறக்காமல் கொண்டியைப் போட்டுவிட்டுப் போவாள்.

சிதறிய சோற்றை மூக்கன் கூட்டி அள்ளினான்.

"ஏன் புள்ள இப்புடிப் பண்ற? அதுதான் கடிக்குதுன்னா நீயுமா?"

அம்மாக்கண்ணு கூட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "பறக்க முடிஞ்சா அது பறந்து போயிருக்கும். முடியல, கடிக்குது. எனக்கு மட்டும் வேற என்னங்க வழி?"

 மூக்கன் தட்டைக் கழுவி வைத்தான்.

மறுநாள் மலையில் பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அழகுமுத்து, ஒரு செடியை மொட்டையாக வெட்டிவிட்டான். மூக்கனுக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ.

"என்னா வெட்டு வெட்டுற? மூச்சுக்கு ஒரு வாது விட வேணாமா? எல்லாத்தையும் வெட்டுனா அது எப்புடிப் பொழைக்கும்?"

கவ்வாத்துக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் அது. எவ்வளவு ஆழமாக வெட்டினாலும், ஓரமாக ஒரு வாதை, ஒரு சின்னக் கிளையை, இலையோடு விட்டுவிட வேண்டும். செடி மூச்சு விடுவதற்கு. முப்பது வருஷத்தில் ஒரு செடிக்கும் மூக்கன் அதை மறந்ததில்லை.

சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டான். கத்தி கையில் இருந்தது. அழகுமுத்து, "என்னாண்ணே, மூக்கு வலிக்குதா?" என்று கேட்டது காதில் விழவில்லை.

அன்று விறகுக்காக மிலாறு கட்டும்போது, அந்த வெட்டிய குச்சிகளுக்கு நடுவிலிருந்து கவட்டையும் கிளையுமாக இரண்டு நீள வாதுகளைத் தனியாக எடுத்தான். வீட்டுக்கு வந்து ஒன்றைக் கூட்டு வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும், அங்கிருந்து இன்னொன்றை அம்மாக்கண்ணுவின் கட்டில் தலைமாட்டு வரைக்கும் வைத்துக் கட்டினான். கூட்டைத் திறந்துவிட்டான்.

"இனிமே யாரும் அதைப் பிடிக்கக் கூடாது. சீறுனா, கையை எடுத்துரணும். போகணும்னா போகட்டும்."

கொண்டையன் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு ஒவ்வொரு அடியாக நடந்து ஜன்னலுக்குப் போய், மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை லோஜினி வந்தாள். அம்மாக்கண்ணு அவள் கண்ணெதிரே விரலை நீட்டினாள். கொண்டையன் விரலைப் பார்த்தது, திரும்பியது, வாதில் ஏறி ஜன்னலுக்குப் போய்விட்டது.

"வரலியேம்மா?" என்றாள் லோஜினி.

"வரலன்னா போவுது. கடிச்சிச்சா?"

கடிக்கவில்லைதான். லோஜினி வெறுங்கையோடு பஸ் ஏறினாள். அதற்கடுத்த வாரம், யாரும் கூப்பிடாமலே கொண்டையன் வாதில் இறங்கி வந்து அம்மாக்கண்ணுவின் தோளில் உட்கார்ந்து தோட்டைக் கொத்தியது.

மூக்கனுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. படியில் இருந்த பாசியைச் சுரண்டினான். பக்கத்தில் மூங்கில் நட்டுக் கைப்பிடி கட்டினான். மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டபோது கை பழக்கத்தில் கொண்டிக்குப் போனது. எடுத்துக்கொண்டான், ராக்காயியிடமும் கொண்டி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க மலையில் அவன் வெட்டிய வெட்டு மூக்கன் வெட்டாக இல்லை. ஓடி வந்து பார்த்தால், அவள் கட்டிலில் இருந்தாள். திறந்திருந்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போகவில்லை. தைரியம் வெட்டுப்பட்டால் அதுவும் ஒரே நாளில் துளிர்க்காது.

தை மாதத்துக்குள் கொண்டையனுக்குப் பழைய இறகு உதிர்ந்து புதுசு வந்துவிட்டது. தகரத்துக்குக் கீழே வளைமரத்தில் போய் உட்காரும், வேண்டும்போது இறங்கும். அடுப்பு எரியும் நேரம் மட்டும் ஜன்னலோரக் கூட்டில் இருக்கும்.

பொங்கலுக்கு மறுநாள் சண்டை வந்தது. பொங்கல் பானையைச் சரியாகக் கழுவவில்லை என்றாள் அவள். ஒரு கையை வைத்துக்கொண்டு ஒனக்கு வாயி மட்டும் ரெண்டா என்று மூக்கன் கேட்டுவிட்டான். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். தட்டு வரும் என்று தலையைக் குனிந்தான்.

தட்டு வரவில்லை. அம்மாக்கண்ணு ஊன்றுகோலை எடுத்து இடது அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இடது கையால் முந்தானையை உதறினாள், ஒரு கையாலேயே செருகினாள்.

"நான் ராக்காயி வீட்டுக்குப் போறேன். கூப்புட்டுக்கிட்டுப் பின்னாடி வராதீங்க."

மூங்கிலைப் பிடித்து முதல் படி. இரண்டாவது. மூக்கனின் கால் தானாக ஒரு எட்டு வைத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு தன்னை நிறுத்தினான். ஐந்தாவது படியில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு கானோரமாக, காலை இழுத்து இழுத்து, இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு.

கொஞ்ச நேரத்தில் நாலாவது வீட்டிலிருந்து அவள் குரல் கேட்டது. "அந்த மனுசனோட முப்பது வருசம் நான் பட்ட பாடு இருக்கே!" லயம் முழுக்கக் கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தாள்.

மூக்கன் நிலையைப் பிடித்தபடியே நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். கண்ணீர் கடிபட்ட மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு உள்ளே போய், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள் என்று, இரண்டு பேருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தான்.