முதல் ஆணி

எதிர்வீட்டுக்காரர் ஆறடி உயரம், கடா மீசை. ஆனால் வீட்டுக்குள் குதிகால் தரையில் படாமல்தான் நடப்பார். சென்னைப் பாடியில் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் பழகிய நடை. கீழே வீட்டு ஓனர் இருந்தாராம்.

திருநின்றவூரில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்கெல்லாம் சொந்த வீடு கிடைத்த புதிது. அவர் மகள் பள்ளியில் பரிசு வாங்கிய படம் தரையிலேயே சுவரில் சாய்ந்து கிடந்தது. சுத்தியலோடு போனேன்.

“வாணாம் அண்ணாத்தே. பாடில ஒரு ஆணிக்குத்தான் ஊட்ட காலி பண்ண வெச்சாங்க.”

“இங்க யாருப்பா சொல்லப் போறா? இது உன் வீடு.”

“தெரியும். பயம் போவலியே, இன்னா பண்றது?”

கதவைத் தாழிட்டு, டிவியைச் சத்தமாக வைத்தார். நான் ஓங்கி அடித்தேன். உடனே மேலிருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. அவர் முகம் வெளுத்துப்போய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். வாடகை வீடுகளிலேயே வளர்ந்த எனக்கும் திக்கென்றது.

அந்தப் பெண் திமிறிக்கொண்டு மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மேல் ஊட்லயும் ஆணி அடிக்கிறாங்கப்பா.”

அவர் என்னிடமிருந்து சுத்தியலை வாங்கி, மிச்சத்தைத் தானே அடித்தார். அடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்க்கவே இல்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.