நான்கு கார்களும் ஒரு மாவுக்கட்டுக் காலும்

இதை எழுதும்போதும் என் வலது கால் மேசைக்குக் கீழே தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே பிரேக் இல்லை என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை ராஜபாளையத்தில் அழுத்தத் தொடங்கியது, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பி வந்து இத்தனை நாளாகியும் விடவில்லை.

எங்கள் வீட்டில் நான்கு கார்கள் இருக்கின்றன. இப்படிச் சொன்னால் பெரிய மில் முதலாளிகள் என்று நினைத்துக்கொள்வார்கள். மாமனார் ஆரம்பித்து இப்போது என் கணவர் நடத்துவது, ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்யும் சிறிய தொழிற்சாலை. நான்கு கார்கள் சேர்ந்ததற்கு வசதி காரணமில்லை. இந்த வீட்டில் யாருக்கும் ஒரு காரை விற்க மனம் வராது, அவ்வளவுதான். தறிகள் புது இடத்துக்குப் போன பிறகு காலியான கொட்டகையில் அவை நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, மரியாதை உண்டு. கொட்டகைக்குள் நின்று 'விலை' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்பது மாமாவின் சட்டம்.

மூத்தவர் பெரியவர். உருண்டையான வெள்ளைக் கார். என் கணவரைவிட இரண்டு வயது இளையவர். மாமாவுக்கு இரண்டாவது மகன் மாதிரி. சில நாட்களில் முதல் மகன். எங்கள் தெருப் பெண்கள் பலரும் கல்யாணமாகி அதில் ஏறித்தான் புகுந்த வீட்டுக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகளோடு ஊருக்கு வரும்போது கொட்டகையில் எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்காரா?" என்று கேட்பார்கள். மாமாவை விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

அடுத்தவர் சம்பந்தி. என் கல்யாணத்தில் என் அப்பா கொடுத்த சிவப்புச் சின்னக் கார். "நாங்க கேக்கவே இல்லையே" என்று மாமாவும், "கேட்டாத்தான் குடுக்கணுமா" என்று அப்பாவும் மண்டபத்து வாசலிலேயே முறைத்துக்கொண்டார்கள். பெயர் வைத்தது மாமா. இரண்டு குடும்பத்துக்கும் உறவு எப்படி இருக்கிறது என்பதை அதன் கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுமுகமாக இருந்தால் தினமும் துடைப்பார். என் தம்பி கல்யாணப் பத்திரிகையில் மாமாவின் பெயர் சின்ன எழுத்தில் அச்சான வருடம், சம்பந்தியின் மேல் விரலால் கோலம் போடும் அளவுக்குத் தூசி.

மூன்றாவது ஜமீன். ஏதோ ஒரு பழைய ஜமீன் வீட்டு ஏலத்தில் மாமா ஆசைப்பட்டு எடுத்த நீளமான கார். லாரியில் வந்து இறங்கியது. அதன் பிறகு ஓர் அடி நகரவில்லை. எங்கள் வெள்ளை நாய் அதன் பின் சீட்டில் குட்டி போடுகிறது. அதன் தாயும் அங்கேதான் போட்டது.

கடைசியாக, புதுசு. நானும் என் கணவரும் வாங்கியது. வாங்கி எட்டு வருடமாகிறது, இன்னும் புதுசுதான். சீட்டின் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கோடையில் உட்கார்ந்து எழுந்தால் தோலோடு வரும்.

என் கணவர் தினமும் ஓட்டுவது தொழிற்சாலை லோடு வேனை. இந்த நால்வரும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வாங்கிக்கொள்ளும் பெரிய மனிதர்கள். அப்படியே இருந்திருப்பார்கள். என் மகள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறாள். லைசென்ஸ் வந்த அன்றே புதுசை எடுத்துக் கொட்டகை வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மைச் சாய்த்தாள். டிரம் உருண்டு தெருமுனை வரை போனது. அந்த இடத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தால் என்று அன்று முழுவதும் நினைத்தேன். பிறகு மதுரை ரோட்டில் லாரிகள் போகும் வேகத்தை நினைத்தேன். காரைப் பார்க்க வந்த மெக்கானிக், "ரொம்ப நாள் நிக்கிற வண்டின்னா பேட்டரி வயரைக் கழட்டி வச்சிருங்கக்கா" என்று சொன்னது எனக்கு ஆண்டாளே சொன்ன மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியாமல் கழற்றினேன். வயரின் நுனி எதிலும் படாமல் இருக்க எங்கள் பேண்டேஜ் துணியையே சுற்றிக் கட்டினேன். மகளிடம் பேட்டரி செத்துவிட்டது என்றேன். அவள் பஸ்ஸில் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடச் சீனியர் வீட்டுக்கு என்று போவாள், வரும்போது பால்கோவா வாங்கி வருவாள். நான் தினமும் சாயங்காலம் பானெட்டைத் திறந்து கட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிப்பேன்.

சீனியர் அவளிடம் முழுதாக ஒப்படைத்த முதல் வழக்கு என் அத்தையுடையது. என் அப்பாவின் தங்கை, சோழபுரத்தில் இருக்கிறார். வயலுக்குப் போகும் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். அத்தை கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு வாய்தா வாங்கியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வராவிட்டால் சாட்சி இல்லை என்று முடித்துவிடுவேன் என்று நீதிபதி சொல்லியிருந்தார். சாட்சி போனால் பாதை போயிற்று. என் மகளின் முதல் வழக்கும் போயிற்று.

அதற்கு முந்தின வாரம் அத்தை அந்த வேலியைத் தாண்டிக் குதித்து, முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டோடு கிடந்தார்.

திங்கட்கிழமையே பால் வேனில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். காலை மடக்க முடியாது. மறுநாள் என் கணவர் லோடு வேனில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஆனால் தறி ஒன்று மக்கர் செய்து, அதற்கான பாகம் வாங்க அவர் விடியும் முன்பே வேனோடு கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டார். "வாடகைக் கார் சொல்லிக்கோங்க" என்று சமையலறையில் சீட்டு. அன்று பெரிய முகூர்த்தம். ஊரில் ஒரு வாடகைக் கார் இல்லை. ஆட்டோ ஒன்றை நிறுத்தி அத்தையை ஏற்றிப் பார்த்தோம். கால் முழுதாக வெளியே நீண்டது.

"அக்கா, இப்படியே போனா எதிர வர்ற பஸ்ஸு இவிய காலைக் கொண்டு போயிரும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் போய்விட்டார்.

"நான் புதுசை எடுக்கேன்" என்றாள் மகள்.

"அதுலதான் பேட்டரி செத்துக் கெடக்கே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன்.

"ஏட்டி, எங்கண்ணன் குடுத்த காரு குத்துக்கல்லாட்டம் நிக்குதே, அதுல போவம்" என்றார் அத்தை, நாற்காலியில் கால் நீட்டியபடி.

சம்பந்தியின் சாவி ஆணியில் இல்லை. கணவருக்குப் போன் போட்டேன்.

"சாவியா? அப்பா கண் ஆபரேஷன் ஆன மறுநாளே அதை எடுத்துக்கிட்டு முடிவெட்டப் போகப் பாத்தாக. அதான் குடோன்ல ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள போட்டு வச்சேன். மூலையில இருக்கும் பாரு."

"மூலையில பெட்டியே இல்லையே."

"அது... போன வாரம் சென்னைக்குப் போன லோடுல ஏறியிருக்கும்."

"இன்னொரு சாவி?"

"ரெண்டையும் ஒண்ணாத்தான் போட்டேன்."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கண்ணன் காரு சாவிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புன ஒரே குடும்பம் உங்க குடும்பந்தான்."

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மாமா எழுந்தார். கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பெரியவர் இருக்காருல்ல" என்றார். உள்ளே போய் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்து வந்தார். அதற்குள் பஞ்சில் வைத்த ஒரு சின்னப் பழுப்பு நிறச் சாமான். அது இல்லாவிட்டால் இன்ஜின் பற்றாதாம்.

"இது ஏன் மாமா உங்ககிட்ட இருக்கு?"

"மதுரையில இருந்து பழைய கார் சேக்குறவன் ஒருத்தன் வந்து ஒம் புருசன்கிட்ட பேசிக்கிட்டிருந்தான்ல. நான் கழட்டிட்டேன். ஓடாத காருக்கு எவன் வருவான்?"

ஆக, இவரிடமிருந்து காப்பாற்ற மகன் ஒரு காரை முடக்கியிருந்தார். மகனிடமிருந்து காப்பாற்ற இவர் ஒன்றை முடக்கியிருந்தார். நான் முடக்கிய புதுசைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெரியவர் கிளம்பிவிட்டால் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன்.

பெரியவர் இருமினார். கொட்டகை முழுக்கப் புகை. பிறகு நிஜமாகவே கிளம்பிவிட்டார். மாமாவே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

"தாத்தா, உங்களுக்குக் கண்ணு தெரியாது. எறங்குங்க" என்று மகள் கூடவே ஓடினாள்.

"எனக்கெதுக்குக் கண்ணு? வழி அவருக்குத் தெரியும்!"

பெரியவருக்கு வாசல் வரை வழி தெரிந்திருந்தது. சரியாக வாசலின் நடுவில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டார். அதன் பிறகு பற்றவில்லை. பின்னால் புதுசு வெளியே வர முடியாமல் அடைபட்டது.

அந்த நேரத்தில் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. மேளக்காரர்கள் முதலில் நின்றார்கள். பிறகு பட்டு வேட்டிக்காரர்கள் நின்றார்கள். கூட்டத்தில் ஒரு பெரிய அம்மா, "ஏலே, இது நான் கல்யாணத்துக்கு ஏறிப்போன காருலே, தள்ளுங்கலே!" என்று சத்தம் போட்டார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே ஒரு கை கொடுத்தார். மேளம் நிற்காமல் வாசிக்க, உள்ளே மாமா உற்சவமூர்த்தி மாதிரி கையெடுத்துக் கும்பிட, பெரியவர் தெரு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் சின்னதாகிவிட்டது. எங்களை எல்லாம் எதிர்த்துப் பேசும் முகம் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டு வந்தபோது பார்த்த முகம்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. "இந்தா, அந்தப் பேட்டரிய ஒரு தடவ..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கறுப்புக் கோட்டு வைத்திருந்த பைக்குள் கைவிட்டாள். கேஸ் கட்டு வந்தது. அதற்குக் கீழிருந்து ஒரு ஸ்பேனர் வந்தது. கொட்டகைக்குள் போய்ப் புதுசின் பானெட்டைத் தூக்கி, பேண்டேஜ் கட்டை நர்ஸ் மாதிரி பிரித்து, வயரை மாட்டி, முறுக்கினாள். நான் கழற்ற எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

"இது... நான் கட்டுன கட்டு" என்றேன்.

"இல்லம்மா, இது நான் கட்டுனது. நீ கட்டுனா முடிச்சு இடது பக்கம் வரும்."

"எம்புட்டு நாளா?"

"நீ கழட்டுன மொத வாரத்துல இருந்து."

"அப்போ ஞாயித்துக்கிழமை பால்கோவா?"

"எல்லாம் புதுசுலதான் வந்துச்சு. நீ சாயங்காலம் பாக்க வர்றதுக்குள்ள திரும்பக் கட்டி வச்சிருவேன்."

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீயுமா?" என்று ஒரு கேள்வி. அதைவிட நீதிபதியே திட்டியிருக்கலாம். அத்தை மட்டும், "ரெண்டு பேரும் பொறவு வழக்காடுங்க. மொத என்னைத் தூக்குங்க" என்றார்.

தூக்கிப் பின் சீட்டில் குறுக்காகக் கிடத்தினோம். கால் வைக்க இடமில்லை. என் மடிதான் இடம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் கிளம்பக் கூடாது என்று அத்தை அடம்பிடித்தார். வைத்தோம். ஒன்று நசுங்காமல் உருண்டு போய்விட்டது. அதைப் பிடித்துத் திரும்ப வைக்கச் சொன்னபோது மகள் ஹாரன் அடித்தாள்.

வழியைப் பற்றி என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. கண்ணை மூடினால் பயம், திறந்தால் லாரி. ஒரு பஸ் எங்கள் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. மாவுக்கட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன் சீட்டின் அடியில் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

"ஏட்டி, உடைஞ்ச காலை நீ வேற உடைக்காதட்டி" என்றார் அத்தை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "புள்ள நல்லாத்தான் ஓட்டுதா. எங்கண்ணனுக்கு இம்புட்டு வராது" என்றார்.

அது உண்மை. அதுதான் என்னை இன்னும் ஆட்டுகிறது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதம், லாரிக்குப் பின்னால் பொறுமையாக இருந்துவிட்டு இடம் பார்த்துத் தாண்டிய விதம். இதெல்லாம் நான் காபி குடித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இல்லாமலே வந்திருக்கிறது. கோபுரம் தெரிந்தபோது அவள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டாள். நான் கத்திவிட்டேன்.

நாங்கள் கோர்ட்டுப் படியேறும்போது அத்தை பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "வந்துட்டோம்யா!" என்று கத்திக்கொண்டே மகளின் தோளிலும் என் தோளிலும் தொங்கிக்கொண்டு அத்தை உள்ளே போனார். கூண்டில் ஏற முடியாததால் நாற்காலி போட்டார்கள். கால் எப்படி உடைந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று மகள் முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து முதல் கேள்வியாக அதையே கேட்டார்.

"வேலி தாண்டிக் குதிச்சேன்" என்றார் அத்தை.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த வயதில் எதற்காக வேலி தாண்டினீர்கள்?"

"பாதை இருந்தா நான் எதுக்குய்யா தாண்டுதேன்? அதத்தான இம்புட்டு நாளாச் சொல்லுதேன்."

நீதிபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அதை அப்படியே எழுதச் சொன்னார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் வெளியே வந்ததும் சீனியர் என் மகளிடம், அடுத்த கேஸையும் நீயே பார் என்றார்.

சம்பந்தியின் சாவி இன்னும் சென்னையில்தான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தவர்கள், "நோயாளிகள் யாரும் விழுங்கவில்லை" என்று போனில் சொன்னார்களாம்.

மறுநாள் சாயங்காலம் பழக்கதோஷத்தில் நான் கொட்டகைக்குப் போனேன். பானெட்டைத் திறந்தேன். வயர் மாட்டியபடியே இருந்தது. பக்கத்து ஆணியில் என் பழைய ஸ்பேனர் இல்லை. புதிதாக ஒன்று தொங்கியது. "பழையது அளவு சரியில்லம்மா, நட்டு தேயுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அதை எடுத்தேன். வயரை ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. மதுரை ரோட்டின் நடுவில் இது கழன்று வண்டி நின்றுவிட்டால், பின்னால் லாரி வந்தால்?

நன்றாக முறுக்கினேன். மூடிவிட்டு இரண்டு எட்டு நடந்தேன். திரும்பி வந்து, திறந்து, இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன்.