முட்டை நின்ற கோழிகள்

கோழியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கை விரல்களை அதன் பின்பக்க எலும்புகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள் கோழியக்கா. முட்டையிடுகிற கோழி என்றால் இரண்டு விரல் தாராளமாக நுழையும். இதற்கு ஒரு விரலே இடித்தது. கொண்டை வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. மற்ற மூன்று கோழிகளின் கதையும் இதுவேதான். ஆனால் கூண்டின் மூலையில், வைக்கோல் மேல், இன்றைக்கும் இரண்டு முட்டைகள் கிடந்தன.

"நீ போடலன்னா எவடி போட்டா?" என்று கோழியிடமே கேட்டாள். அது கொட்டாவி விட்டது.

ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மேலெல்லாம் வியர்த்திருந்தது. குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அதிக நேரம் ஆகியிருக்காது.

அவள் வேலை பார்ப்பது ஒரு பள்ளிக்கூடத்தில். பின்பக்கத்துக் காய்கறிப் பாத்திகளும் கோழிக்கூண்டும் அவள் பொறுப்பு. தட்டில் விழுவது தட்டுக்கு வருமுன் எங்கே இருந்தது என்று வகுப்பு வகுப்பாக வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். அதற்கு முன் பெரிய கோழிப்பண்ணையில் இருந்தாள். அங்கே தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருநாளும் அவள் எடுத்ததில்லை. இருந்தாலும் அடுத்தவன் கை பைக்குள் நுழையும்போதெல்லாம் திருடிபோலத்தான் நின்றாள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு வந்ததே பையைத் திறந்து காட்டாமல் வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக.

இப்போது அந்த நிம்மதிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. கோழிகளுக்கு வயதாகிவிட்டது, முட்டை நின்றுவிட்டது, இவற்றை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு இளங்கோழி வாங்கலாம் என்று தலைமையாசிரியையிடம் அவள்தான் போய்ச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, கூண்டில் முட்டை வரத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு போய் அலுவலக மேசையில் வைக்கிறார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"முட்டை நின்னுபோச்சுன்னு சொன்னீங்க. பிள்ளைங்க தினம் கொண்டு வர்றாங்க. அப்போ இவ்வளவு நாளா போட்டதெல்லாம் எங்கம்மா போச்சு?"

"போடவே இல்லங்க மேடம்."

"நான் உங்களத் தப்பா சொல்லல. நிர்வாகத்துல கேட்டா நான் என்னன்னு சொல்றது? ஒரு பதில் கொண்டு வாங்க. இல்லன்னா வேற ஆள்தான் பாக்கணும்."

தப்பாகச் சொல்லவில்லை என்று ஆரம்பிக்கிறவர்கள் தப்பாகத்தான் சொல்ல வருகிறார்கள். அது கோழியக்காவுக்குத் தெரியாததா?

வெளியே வந்ததும் காவலாளி பல்லைக் காட்டினான். "என்னக்கா, உங்க கிழவிங்களுக்கு வாலிபம் திரும்பிடுச்சாமே? என்ன தீனி போடுறீங்க? எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

"உனக்குத் திரும்ப என்ன இருக்கு? போய் கேட்டுல நில்லு."

பதில் சொல்லிவிட்டாளே தவிர, சந்தேகம் அவன்மேல்தான் விழுந்தது. அவன் மச்சினி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவனிடம் குளிர்பெட்டி ஏது? குளிர்பெட்டி இருப்பது தலைமையாசிரியையின் அறையில். அடுத்த வாரம் பெற்றோர்கள் பார்க்க வருகிறார்கள். முட்டையில்லாத கூண்டைக் காட்ட வெட்கப்பட்டு அந்த அம்மாளே வைக்கிறாளோ? வைத்துவிட்டுப் பழியை நம் தலையில் போடுகிறாளோ? ராத்திரிச் சோறு பரிமாறிய மகளையே ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தாள்.

விடிந்ததும் மணி அடிப்பதற்கு வெகு முன்பே வந்து, கூண்டுக்குப் பக்கத்துச் சாமான் அறையில் தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். பலகை இடுக்கு வழியாகக் கூண்டு நன்றாகத் தெரிந்தது.

வந்தது காவலாளியும் இல்லை, தலைமையாசிரியையும் இல்லை. மூன்று சிறுமிகள். எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டு, 'ஏன்' என்றே பட்டப்பெயர் வாங்கியிருந்தவள் முன்னால் வந்தாள். ஒருத்தி வாசலில் காவல். இன்னொருத்தி புத்தகப்பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்து அதற்குள்ளிருந்து முட்டையை உருவினாள்.

"வெள்ளையா இருந்துச்சுடி. டீத்தண்ணில ஊறவச்சேன். செவப்பு வந்துடுச்சு பாரு."

"என்னோடது அவிச்சது," என்றாள் 'ஏன்' அழமாட்டாத குறையாக. "அம்மா இருந்த எல்லாத்தையும் அவிச்சிட்டாங்க. தெரிஞ்சிடுமா?"

"வெளிய எப்படிடி தெரியும்? வை, வை."

கோழியக்கா எழுந்து கதவைத் திறந்தாள். மூன்றும் சிலையாகிவிட்டன.

"யாரு சொல்லிக் குடுத்தா இத?"

'ஏன்'தான் வாய் திறந்தாள். "நீங்கதான்க்கா. முட்டை நின்னா கோழி கறிக்கடைக்குப் போகும்னு சொன்னீங்க. போட்டா இங்கேயே இருக்கும்னும் சொன்னீங்க."

சொன்னது உண்மை. பிள்ளைகளுக்குப் பூசி மெழுகிச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"நேத்து மத்தியானம் என்ன சாப்ட்ட?"

"கோழி."

"அது மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"அது எங்களுக்குத் தெரியாத கோழிக்கா," என்றாள் 'ஏன்'. "இது மகாராணி."

மகாராணி என்று பெயர் வைக்கப்பட்ட நரைச் சிவப்புக் கோழி அவித்த முட்டையைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க முட்டை வச்சீங்க. பெரிய மேடம் என்னைத் திருடிங்கிறாங்க. என் வேலை போகப்போகுது," என்றாள் கோழியக்கா. "வந்து உண்மையச் சொல்றீங்களா?"

"சொன்னா மகாராணி போயிடுமா?"

"போயிடும்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காவலுக்கு நின்றவள் அழத் தொடங்கினாள். 'ஏன்' வைக்கோலிலிருந்து தன் முட்டையைக் குனிந்து எடுத்துக்கொண்டு, முதல் ஆளாக அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள்.

தலைமையாசிரியை அவ்வளவு எளிதில் நம்பிவிடவில்லை. "இப்படிச் சொல்லுங்கன்னு யாராவது சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்களா?" என்று கோழியக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். 'ஏன்' முட்டையை மேசை விளிம்பில் தட்டி, ஓட்டை உரித்து, வெள்ளைவெளேரென்று நீட்டினாள்.

"எங்க அம்மாவுக்கு போன் போட்டுக் கேளுங்க மேடம். முட்டை குறையுதுன்னு காலையில கத்துனாங்க."

போன் போடப்பட்டது. அந்தப் பக்கத்துக் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. தலைமையாசிரியை ரிசீவரை வைத்துவிட்டு, கோழியக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வியாபாரிய நாளைக்கு வரச் சொல்லிடுங்க," என்றார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை வியாபாரியின் மோட்டார் சைக்கிள் பின்வாசலில் வந்து நின்றது. பார்க்க விருப்பமுள்ளவர்கள் வரலாம், விருப்பமில்லாதவர்கள் வகுப்பில் இருக்கலாம் என்று கோழியக்கா முன்பே சொல்லியிருந்தாள். காவல் நின்றவள் வரவில்லை. 'ஏன்' வீங்கிய கண்ணோடு வந்து, மகாராணியின் கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோழியக்கா நார் வைத்துக் கட்டினாள்.

"வலிக்குமாக்கா?"

"வலிக்கும். கொஞ்ச நேரம்."

வண்டி போனதும் இருவரும் கூண்டைச் சுரண்டினார்கள். எச்சத்தையும் பழைய வைக்கோலையும் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்து உரக்குழியில் கொட்டி, பலகைகளைக் கழுவி, சுவரோரம் வெயிலில் சாய்த்து வைத்தார்கள்.