தள்ளிப்போட்ட ஸ்கேன்

லிப்ட் மெக்கானிக்கின் வாயில் எப்போதும் ஒரே பாட்டுதான். "ஓடுதேன்னு விட்டுடாதீங்க சார். நல்லா ஓடும்போதே திறந்து பாத்துடணும்." ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பிவடம், பிரேக், கதவு எல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு தேதி தப்பியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் மனுஷன் கோட்டை விட்டார்.

அவர் மனைவிக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிற நோய். கண்டுபிடித்தபோதே ஈரல் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. மாத்திரையில் நோய் அடங்கியது. டாக்டரம்மா அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரத்த ரிப்போர்ட் நல்லா வந்தாலும் தழும்பு அங்கதான் இருக்கும். அதுல புத்துநோய் வரலாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்தே ஆகணும். சின்னதா இருக்கும்போதே பாத்துட்டா வழி இருக்கு."

நான்கு வருடம் ஒழுங்காகப் போனார்கள். ஐந்தாம் வருடம் ஸ்கேன் தேதியன்று பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் சோதனை வந்தது. பையோடு கிளம்பி நின்றவளிடம், "ரிப்போர்ட்தான் பளிச்சுன்னு இருக்கே, அடுத்த தடவை போயிக்கலாம்" என்றார்.

"நான் தனியா போயிட்டு வரட்டுமா?"

"எதுக்கு வீணா அலையுற?"

அடுத்த தடவையும் அதே கதை. வலித்தாவது தொலைத்திருக்கலாம், அந்தப் பாழாய்ப்போன நோய் வலிக்கவும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் எட்டு சென்டிமீட்டர் கட்டி, ரத்தக்குழாய்க்குள்ளும் இறங்கியிருந்தது. வெட்டி எடுக்கவோ மாற்று ஈரல் வைக்கவோ இனி முடியாது, மருந்தால் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டரம்மா.

சேதி கேட்டு ஓடிவந்த மகள் வாசலிலேயே கத்தினாள். "ஏம்ப்பா, நீங்க கூட்டிட்டுப் போகலையா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அவரை ஏன்டி கேக்குற? அவரு கரடியா கத்தினாரு. நான்தான் வரமாட்டேன்னு அடம்பிடிச்சேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்து மாதம் இருந்தாள். மகள் மருந்து கொடுக்கும்போதெல்லாம், "உன் பிடிவாதம்தாம்மா உனக்கு எமன்" என்று திட்டி அழுவாள். அவள் சிரித்துக்கொண்டே விழுங்குவாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் முடிந்த அன்று மகள் அவரைக் கட்டிக்கொண்டு கதறினாள். "நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்கப்பா."

"ஆமாம்மா" என்றார் அவர்.