தட்டில் இருந்த குரல்

வளைகுடாவில், கராமாவில் என் பக்கத்து அறையில் இருந்த அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். கம்பெனி மெஸ்ஸில் சமையல். அதற்கு முன் கப்பலில் சமைத்தவர். அப்போது ஒருநாள் கோபன்ஹேகனில் மழைக்கு ஒரு ஜாஸ் கிளப்புக்குள் ஒதுங்கியிருக்கிறார். அங்கே ஒருவர் பியானோவில் பீபாப் வாசித்துக்கொண்டிருக்க, அதை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஓட்டமான வாசிப்பை அண்ணாச்சி அதுவரை கேட்டதே இல்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் தன்னை மறந்து "அப்படிப் போடு" என்று கத்திவிட்டார். பிறகு அந்தத் தட்டைத் தேடி வாங்கினார். கைதட்டலுக்கு நடுவே அவர் குரல் தெளிவாகக் கேட்கும். விடுமுறை மதியங்களில் என் பிளேயரில் போட்டு நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

எல்லை தாண்டி சோஹாருக்கு வேலை மாறியபோது, அங்கே தொழிலாளர் கேம்ப் தூசியில் கெட்டுவிடும் என்று தட்டை என்னிடம் விட்டுப் போனார். ஒரு நண்பனுக்குப் போட்டுக் காட்ட எடுத்துப் போனவன், ஆகஸ்ட் வெயிலில் அதைக் காரிலேயே மறந்துவிட்டேன். மாலையில் பார்த்தால் அப்பளம்போல் வளைந்து கிடந்தது.

சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், அதே ஆல்பத்தை இணையத்தில் வாங்கிப் பழைய உறைக்குள் வைத்தேன். போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

லீவில் வந்தவர் தட்டைப் போடச் சொல்லி ஆசையாகக் கேட்டார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நேரே நான்காவது தொடங்கியது. பின்னால் வந்த பதிப்பு அது. கூட்டத்தின் சத்தத்தைத் துடைத்து எடுத்திருந்தார்கள். அவர் முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தார். பிறகு இன்னொரு முறை.

"இதுலதான தம்பி இருந்துச்சு?"

"வேற எதுலயாவது கேட்டிருப்பீங்க அண்ணாச்சி" என்றேன்.

"இருக்கும்" என்றார். அதன்பின் போனில் பேசும்போது அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை.

ஒரு வருடம் தாக்குப்பிடித்தேன். பிறகு சோஹாருக்கே காரை ஓட்டிப்போய், கேம்ப் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ எனக்குப் புத்தி மங்கிப்போகலைல்லா?" என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். அந்த லீவு முடிந்து திரும்பிய நாள் முதல், கேஸ் அடுப்பை மூடியது, சாவி வைத்த இடம், மகளிடம் போனில் பேசியது எல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தார். மறதி என்று டாக்டரிடமும் காட்டினாராம். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அன்று காலை வரை எழுதியிருந்தார். என்னை அவர் திட்டவே இல்லை.