பூட்டனாரின் கப்பல் உத்தியோகம்

எங்கள் பூட்டனார் கப்பல் கேப்டனாக இருந்தவர் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கடலே இல்லாத கோயம்புத்தூரில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. துடியலூரில் எங்களுக்குக் கரண்ட் ரீடிங் எடுக்க வருபவருக்குக்கூட அந்தக் கதை மனப்பாடம்.

கேட்டுக் கேட்டு எரிச்சலாகி, தொண்ணூற்று மூன்றில் ஒரு வாரம் லீவு போட்டுச் சென்னைக்குப் போனேன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கப்பல் பதிவேடுகளைப் புரட்டினேன். மூன்றாம் நாள், தும்மலுக்கு நடுவே பூட்டனாரின் பெயரும் எங்கள் பூர்வீகமான தாராபுரமும் அகப்பட்டன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன கப்பல். ஏற்றியது நாற்பது காங்கேயம் காளைகள். பூட்டனாரின் உத்தியோகம், மாடுகளைப் பார்த்துக்கொள்வது.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அப்பாவின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று உள்ளூர ஆசையாகத்தான் இருந்தது. படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி ஒரு தரம் பார்த்தார்.

“வழியில எத்தன உருப்படி செத்துச்சு கண்ணு?”

“ஒண்ணுகூட இல்லீங்கப்பா. நாப்பதும் உசுரோட எறங்கியிருக்குதுங்க.”

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினார்.

“கேப்டன் பேரும் அதுலயே இருக்குதுங்கப்பா,” என்றேன், விடாமல்.

“அது எதுக்கு நமக்கு? கப்பல எவன் வேணா ஓட்டிப்போடுவான். நடுக்கடல்ல நாப்பது மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் பாரு.”