சரிங்க தொர

லண்டனில் எனக்குக் காலைத் தேத்தண்ணி ஊற்றித் தருபவர் ஒரு வெள்ளைக்காரர். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் முதல் கோப்பை அவர் கையால்தான். நாற்பது வருஷம் தூதரகங்களில் இருந்தவர், ரேடியோவில் செய்தி வந்தால் சண்டைக்குப் போவார்.

ஈராக்குக்குப் படை போன நேரம். "பாதி உலகத்துக்கு உத்தரவு போட்ட நாடு இது," என்று பொருமினார். "இப்போது அமெரிக்கா கூப்பிட்டால் சரி என்கிறோம். எங்கே என்று பிறகுதான் கேட்கிறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலங்கையில், புளத்கொகுபிட்டியவில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் கண்முன் வந்தது. தீபாவளிக்கும் வேலை உண்டு என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொன்னால் மொத்தச் சனமும் "சரிங்க தொர" என்னும். விடிந்தால் மலையில் ஒரு குருவி இருக்காது.

"எங்கள் ஆட்கள் வாயால்தான் சார் சரி என்பார்கள், கால் போகாது. நீங்கள் காலையும் சேர்த்து அனுப்பிவிட்டீர்கள்," என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உன் தம்பி கல்யாணத்துக்கு லீவு இல்லை என்று நான் சொன்னபோது நீயும் சரி என்றாயே. அது வாயா, காலா?"

அன்றிரவு தலையணை நனைய அழுதது எனக்குத்தான் தெரியும். "வாய்தான் சார்," என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார். தன் மகளை வந்து தங்கச் சொல்லிவிட்டு என்னை ஊருக்கு அனுப்பிவைத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தோட்டத்துத் தொரை எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் வந்து, நாளைக்கு எல்லாரும் ரப்பர் பால் வெட்ட வரவேண்டும் என்றார். சனம் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "முடியாதுங்க. கல்யாணம் இருக்கு."

தொரை முகம் சிவந்து போனார். தம்பி தலையில் கைவைத்தான். "ஏன்க்கா இப்புடி பண்ணுன? சரின்னுட்டு நாங்க பாட்டுக்கு இருந்திருப்போம். இனி அவரு வீம்புக்கு நிப்பாரு."

நின்றார். விடியுமுன்னே தொரையின் கணக்கப்பிள்ளை வேலைக்குக் கூப்பிட்டுக் கதவு கதவாகத் தட்டினார். பாதிச் சனம் ரப்பர் பால் காயாத கையோடு ஓடிவந்துதான் அட்சதை போட்டது. "லண்டன்காரி வாயால வந்த வினை," என்று பந்தி முழுக்க என்னை வைத்தே சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் சொன்ன அந்த 'லண்டன்காரி' கொஞ்சம் சுட்டது.

திரும்பி வந்ததும் கிழவருக்கு எல்லாம் சொன்னேன். தேத்தண்ணியை நீட்டியபடி கேட்டார், "இனி இதுதானே உன் வீடு?"

"சரிங்க சார்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.